தாருக்கு அடியில் ரோமானியச் சாலை: குழாய்க் குழியில் அதை அடையாளம் கண்டு பதிவு செய்யும் முறை

தென்கிழக்கு லண்டனில் ஓல்ட் கென்ட் ரோடும் இல்டர்டன் ரோடும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, வீடுகளுக்கு வெப்பம் கொண்டுபோகும் வெந்நீர்க் குழாய் பதிக்கும் வேலையில் ரோமானியர் காலச் சாலையின் ஒரு துண்டு வெளிப்பட்டது. 2024 நவம்பரில் இது அறிவிக்கப்பட்டது. அகலம் 5.8 மீ., உயரம் 1.4 மீ. அடியில் கெட்டித்த சரளை, அதன்மேல் இரண்டு அடுக்கு சீமைச்சுண்ணாம்பு, உச்சியில் இறுக்கிய மணலும் சரளையும். இன்றைய சாலைப் பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழேயே அது கிடந்தது. கென்ட் கரைத் துறைமுகங்களிலிருந்து கான்டர்பரி வழியாக லண்டனுக்கு வந்து, அங்கிருந்து வெருலாமியம் (இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ்) தாண்டி வடமேற்கே ராக்ஸிட்டர் வரை ஓடிய வாட்லிங் ஸ்ட்ரீட் பெருவழிதான் இது. ரோமானியர் பிரிட்டன்மேல் நடத்திய கி.பி. 43 படையெடுப்பை அடுத்துப் போடப்பட்டதாகக் கருதப்படும் வழி. இன்றைய சாலை அந்தப் பழைய தடத்தின் மேலேயே போகிறது என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். இந்தக் குழியில் சாலையின் உடம்பே தெரிந்தது.

எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய், டிராம் தண்டவாளம், கேபிள் என்று எத்தனையோ முறை வெட்டப்பட்ட தெரு அது. அதில் இவ்வளவு மிஞ்சியதே பெரிது. ஆனால் மிஞ்சியதைக் காண்பதற்குத் தெரிந்த கண் வேண்டும். இத்தாலியில் பெரிய கருங்கல் பாவிய தெரு வெளிப்பட்டால் யார் பார்த்தாலும் வேலை நின்றுவிடும். லண்டன் பக்கத்து ரோமானியச் சாலைகளில் பெரும்பாலானவை சரளையைக் கொட்டித் திமிசு போட்டவை. இயந்திரம் ஓட்டுபவர் அதைப் பார்த்து 'பழைய ரோட்டு அடித்தளம்' என்று அள்ளிவிட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் சொல்வது சரிதான், எத்தனை பழையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட குழியில் என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும், எங்கே கெட்டுப்போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

தோண்டுவதற்கு முன்

முதல் வேலை மேசையில். இந்தத் தெரு அடங்கிய சதர்க் பகுதியில் ரோமானியச் சாலைகளின் தடங்கள் தொல்லியல் முன்னுரிமைப் பகுதியாகவே குறிக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் 1990 முதல், திட்ட அனுமதி வழியாக வரும் கட்டுமானங்களில் அகழாய்வுச் செலவு கட்டுபவர் தலையில் விழுகிறது. தெருவைத் தோண்டும் எல்லா வேலைக்கும் திட்ட அனுமதி தேவைப்படாது. அப்படிப்பட்ட வேலைகளில் முன்கூட்டியே எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான் ஒரே பிடிப்பு. அந்த எழுத்தில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: என்ன தெரிந்தால் இயந்திரம் நிற்கும், நின்றால் எத்தனை நாள் தொல்லியல் குழுவுக்கு. 'தேவையான கால அவகாசம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், சாலை மூடிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அதைச் சுருக்கச் சொல்லும் அழுத்தம் வரும்.

அடுத்து மூன்று ஆவணங்களைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது: நிலத்தடிக் குழாய்களும் கேபிள்களும் காட்டும் வரைபடம், பழைய நில அளவை வரைபடம், பக்கத்தில் போட்ட துளைகளின் மண் விவரம். துளை விவரத்தில் 'மேட்-அப் கிரவுண்ட்' (மனிதர் நிரப்பிய மண்) என்று 2 மீ. ஆழத்துக்கு ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். அதற்குள் சீமைச்சுண்ணாம்பு என்ற சொல் வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்தப் பகுதியில் தரைமட்டத்தில் இருப்பது ஆற்றுச் சரளையும் வண்டலும். சீமைச்சுண்ணாம்பு அடுக்கு தெரிந்தால் அது யாரோ வெட்டி, சுமந்து வந்து கொட்டியது.

குழாய் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் இந்தக் கட்டத்திலேயே கணக்கில் வர வேண்டும். சாலையின் போக்கிலேயே ஓடும் குழியில் நூறு மீட்டர் தோண்டினாலும் சாலையின் அகலம், நடுமேடு, விளிம்பு எதுவும் தெரியாது, நீளவாட்டில் அடுக்குகள் மட்டும் தெரியும். குழாய் திரும்பும் முனை, பக்கத் தெருவுக்குக் கிளை பிரியும் இடம், வால்வு அறைக்காக அகலமாக வெட்டும் இடம் ஆகியவைதான் குறுக்குவெட்டு தரும். இருக்கும் நாட்களில் பெரும்பகுதியை அந்த இடங்களுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

இயந்திரம்

தாரையும் அதன்கீழ் காங்கிரீட்டையும் முதலில் வெட்டு வட்டால் கோடு போட்டு அறுக்க வேண்டும். அறுக்காமல் நேராக பிரேக்கரால் இடித்தால் அதிர்வு கீழே போய், உச்சிச் சரளையின் பிடிப்பை விடுவித்துவிடும். சாலைப் பரப்பு சில சென்டிமீட்டர் கீழேயே இருக்கும்போது இது உண்மையான சேதம். பல நூற்றாண்டு வண்டிகள் இறுக்கிய மேல்பரப்பு அரை மணி நேரத்தில் உதிரிச் சரளையாகிவிடும், பிறகு அதை ரோமானியப் பரப்பு என்று நிரூபிக்க வழியில்லை. காங்கிரீட் பலகையைச் சிறு துண்டுகளாக அறுத்துத் தூக்கி எடுப்பது மெதுவானது, ஆனால் அதுவே சரி.

காங்கிரீட் போனதும் பல் இல்லாத அகலப் பக்கெட்டுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். பல் வைத்த பக்கெட் சரளையைக் கோடுகோடாகக் கீறி விடும், பிறகு சக்கரத்தடம் எது, பல்லின் தடம் எது என்று தெரியாது. ஒரு தடவைக்கு 5 முதல் 10 செ.மீ. மட்டும். இயந்திரம் தோண்டாத பரப்பில் நின்று பின்வாங்க வேண்டும், வெளிப்படுத்திய பரப்பின்மேல் ஏறவே கூடாது. பக்கெட்டைப் பார்த்தபடி ஒரு தொல்லியலாளர் முழுநேரமும் நிற்பார், ஓட்டுநருக்குச் சைகை காட்டுபவர் அவர் ஒருவரே. இரண்டு பேர் சைகை காட்டினால் ஓட்டுநர் இரண்டையும் விட்டுவிடுவார். ஒலியையும் கவனிக்க வேண்டும். உதிரி நிரவலில் பக்கெட் விளிம்பு மந்தமாகச் சறுக்கும், இறுகிய சரளையில் பட்டதும் கரகரவென்று ஒரே சீராகக் கீறும். அந்த ஒலி வந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி மண்வெட்டிக்கு மாறுவது வழக்கம்.

இங்கேதான் பெரிய குழப்பம். விக்டோரியா காலத்தில் சாலை போட்டவர்களும் களி கலந்த தேம்ஸ் சரளையைத்தான் பரப்பினார்கள். நிறம் ஒன்று, கல் ஒன்று. பிரித்தறிய, ஒரு வாளிச் சரளையைத் தார்ப்பாயில் கொட்டிக் கையால் அலசிப் பார்க்க வேண்டும். செங்கல் துணுக்கு, கரிக்கசடு, நிலக்கரித் தூள், வெள்ளைக் களிமண் புகைக்குழாயின் துண்டு, இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே கலந்திருந்தால் அது பிற்காலம். மேலே மட்டும் ஒட்டியிருந்தால் அது மேலிருந்து விழுந்தது, கணக்கில் சேராது. ஆகவே ஓரத்திலிருந்து எடுக்காமல் அடுக்கின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். ரோமானிய ஓட்டுத் துண்டும் சிவப்பாகத்தான் இருக்கும். அதைச் செங்கல் என்று நினைத்து அடுக்கையே தள்ளிவிடுபவர்கள் உண்டு. கூரை ஓட்டின் மடித்த விளிம்பு தெரிந்தால் சந்தேகம் தீரும்.

இயற்கையாக ஆறு கொண்டுவந்த சரளையோடும் குழம்பலாம். ஆற்றுச் சரளையில் மணல் கீற்றுகள் சாய்வாக ஓடும், அடுக்கு மங்கலாகக் கலைந்து முடியும். மனிதர் போட்டதில் எல்லை கூர்மையாக இருக்கும், தட்டைக் கற்கள் படுத்த நிலையில் இருக்கும், மேல்பரப்பில் நிற்கும் கற்களின் முகம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். தேய்ந்த முகம் மேல்நோக்கி நிற்பதைக் கொத்துக்கரண்டியால் மண்ணை நீக்கி ஒரு சதுர அடியிலாவது காட்ட முடிந்தால் அதுதான் சாலைப் பரப்பு. கற்களுக்கு இடையே துருப்பிடித்த நிறத்தில் இரும்புப் பிடிப்பு இருந்தால் நல்லது. அது இல்லாததால் சாலை இல்லை என்று ஆகாது.

வெட்டுமுகம்

சாலையை மேலிருந்து பார்த்தால் கால் பங்குதான் தெரியும். மிச்சமெல்லாம் வெட்டுமுகத்தில். குழியின் பக்கச்சுவரைச் சுத்தமாகச் சீவி, அடுக்கு அடுக்காகப் படித்து வரையும் முறையைத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1930களின் தொடக்கத்தில் இதே வாட்லிங் ஸ்ட்ரீட்டின் மேலிருந்த வெருலாமியத்தில் உருட்டித் திரட்டினார். பின்னர் 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அதே ஒழுங்கோடு தோண்டினார். இன்று லண்டனில் ஒவ்வொரு அடுக்குக்கும் தனி எண், தனித் தாள் என்ற முறைதான் நடப்பு. அடுக்குகளுக்கு இடையிலான முன்பின் உறவை, 1973இல் தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் வகுத்த கட்டம்கட்டமான வரைபடத்தில் காட்டுகிறார்கள். சாலைக்கு இரண்டுமே வேண்டும். தனித்தனி அடுக்காக உரித்து எடுத்தாலும், ஒரு முழு வெட்டுமுகத்தையாவது கடைசிவரை நிறுத்தி வைக்க வேண்டும்.

முதல் சிக்கல் பாதுகாப்பு. சாலையே 1.4 மீ. உயரம். அதன்மேல் உள்ளதையும் கீழே பார்க்க வேண்டியதையும் சேர்த்தால் ஆள் மட்டத்தைத் தாண்டும். 1.2 மீ. வரை முட்டுக் கொடுக்க வேண்டாம் என்ற பழைய வாய்மொழிக் கணக்கை நம்பக் கூடாது, உதிரிச் சரளை அதற்கும் குறைந்த ஆழத்திலேயே சரியும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. தகுதியுள்ளவர் காலையில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே இறங்க வேண்டும், மழைக்குப் பின் மறுபடியும் பார்க்க வேண்டும். பழைய எரிவாயுக் குழாய் ஓடும் தெருவாதலால் வாயு அளவி குழிக்குள் இருக்க வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும்.

முட்டுப் பலகை போட்டால் வெட்டுமுகம் மறைந்துவிடும். இதற்கு நடைமுறையில் பலன் தருவது, பகுதி பகுதியாக வேலை செய்வது. ஏறக்குறைய 1 மீ. அகலத்துக்கு ஒரு பலகையை மட்டும் எடுத்து, சீவி, படமெடுத்து, வரைந்து, பலகையை மறுபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது. அருகருகே இரண்டு பலகையைச் சேர்ந்தாற்போல் எடுக்கக் கூடாது. அகலமாகத் தோண்ட இடம் இருந்தால் படி படியாக இறக்குவது இன்னும் நல்லது. நகரத் தெருவில் அந்த இடம் பெரும்பாலும் கிடைக்காது.

சீவுவது மேலிருந்து கீழ்நோக்கி. சீமைச்சுண்ணாம்பு அடுக்கு உள்ள முகத்தில் இது போதாது. ஈரச் சுண்ணாம்பைக் கரண்டியால் இழுத்தால் வெள்ளைப் பூச்சாகக் கீழே வழிந்து, அடிச் சரளையில் சுண்ணச் சாந்து கலந்தது போன்ற பொய்த் தோற்றம் தரும். அதன்மேல் தூரிகை போட்டால் இன்னும் மோசம். கரண்டியின் முனையை அடுக்கின் ஓட்டத்தில் பக்கவாட்டாக இழுக்க வேண்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் அலகைத் துணியில் துடைக்க வேண்டும். கீழ் அடுக்கை மறுபடியும் தனியாகச் சீவிப் புது முகம் எடுக்க வேண்டும். காய்ந்துபோன சரளையில் நிறபேதமே தெரியாது. தோட்டக்காரர் பயன்படுத்தும் கைத்தெளிப்பானால் மென்மையாக நீர் தூவி, பளபளப்பு அடங்கியதும் படமெடுத்தால் மண் தன் நிறத்தைக் காட்டும்.

வரைவதற்கு முகத்தின் குறுக்கே நூல் கட்டி ரசமட்டம் வைத்து, நூலின் உயரத்தை நாட்டு நில அளவை ஆதாரமட்டத்தோடு இணைக்க வேண்டும். அளவுகோல் 1:10. 5.8 மீ. அகலச் சாலை தாளில் 58 செ.மீ. வரும், வழக்கமான கட்டத்தாள் ஒன்றில் அடங்காது. தாள் மாறும் இடத்தில் குறைந்தது 20 செ.மீ. அளவுக்கு இரண்டிலும் மேற்படிந்து வரைந்தால்தான் பிறகு பொருத்த முடியும். எல்லைக் கோடுகளை 10 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து எடுக்கலாம். 5 செ.மீ.க்கு மேற்பட்ட கற்களை அவற்றின் உண்மையான சாய்வோடு வரைய வேண்டும். கற்களின் சாய்வுதான், சரளை ஒரே வீச்சில் கொட்டப்பட்டதா, பரப்பிப் பரப்பித் திமிசு போட்டதா என்று பின்னால் சொல்லும். படம் போதும், கைவரைவு வேண்டாம் என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. கேமரா நிறத்தைப் பார்க்கிறது, கரண்டி பிடித்த கை இறுக்கத்தை உணர்கிறது. பல எல்லைகள் இறுக்கத்தில் மட்டுமே வேறுபடும்.

போட்டோகிராமெட்ரியும் (ஒன்றன்மேல் ஒன்று படியும் பல படங்களை மென்பொருளில் இணைத்து அளவுப்படம் ஆக்குவது) கூடவே எடுக்க வேண்டும். குறுகிய குழியில் 1.2 மீ.க்கு மேல் பின்னால் போக முடியாது. முழுச்சட்டக் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 1.2 மீ. × 0.8 மீ. பரப்பைப் பிடிக்கும். பக்கவாட்டில் 70 விழுக்காடு மேற்படிவு என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 36 செ.மீ. நகரலாம். சாலைக்கு இருபுறமும் ஒரு மீட்டர் சேர்த்து 7.8 மீ.க்கு ஒரு வரிசையில் 20 படம், உயரத்துக்கு ஐந்து வரிசை, ஆக சுமார் 100 படம். குழிக்கு மேலே தார்ப்பாய் கட்டி நிழல் சமமாக்காவிட்டால் பாதி முகம் வெயிலில் வெளுத்து, மென்பொருள் இணைப்புப் புள்ளி கிடைக்காமல் திணறும்.

அடுக்குகளைப் படிப்பது

பாடநூல்களில் வரும் நான்கடுக்கு ரோமானியச் சாலைப் படத்தை மனதிலிருந்து அழித்துவிட்டு இறங்க வேண்டும். அந்தப் படத்தின் அடிப்படை, ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கட்டடத் தரை போடுவதற்குச் சொன்ன முறை. அதைப் பிற்காலத்தார் சாலைக்கும் பொருத்திவிட்டார்கள். மண்ணில் கிடைக்கும் சாலைகள் இடத்துக்கு இடம் வேறு. கையில் என்ன கல் இருந்ததோ, கீழே நிலம் எப்படி இருந்ததோ, அதற்கேற்பத்தான் போட்டிருக்கிறார்கள். ஓல்ட் கென்ட் ரோட்டில் சரளையும் சீமைச்சுண்ணாம்பும். அதே சதர்க்கின் வடபகுதியில், அலைநீர் புகுந்த தாழ்நிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் சரளை போட்ட சாலை கிடைத்திருக்கிறது.

அடியிலிருந்து தொடங்கலாம். சரளைக்குக் கீழே மெல்லிய சாம்பல்நிறப் பட்டை தெரிந்தால் அது சாலை போடுவதற்கு முந்தைய புல்தரையாக இருக்கலாம். அது மூடிவைத்த மகரந்தம் அந்த வட்டாரம் காடா, மேய்ச்சல் நிலமா என்று சொல்லும். அந்தப் பட்டை இல்லாமல் சரளை நேராக இயற்கை மண்ணில் உட்கார்ந்தால் மேல்மண்ணை வெட்டி எறிந்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது என்பதைக் குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சீமைச்சுண்ணாம்பு ஈரத்தோடு இடிபட்டால் ஒட்டி, ஒரே பலகைபோல் இறுகும். அடிநிலம் சற்றே மெத்தென்று இருந்தாலும் பாரத்தைப் பரப்பிவிடும். அதன் பலவீனம் பனி. நீர் ஊறிய சுண்ணாம்பு உறைந்தால் நொறுங்கும், அதனால் மேலே மணலும் சரளையும் போட்டு மூட வேண்டும். ஆகவே இரண்டு சுண்ணாம்பு அடுக்குகளில் கீழ் அடுக்கின் மேல்முகத்தைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டும். அது மெல்லிய செதில்களாக உதிர்ந்து, விரிசல்களில் பழுப்பு வண்டல் புகுந்திருந்தால் ஒரு குளிர்காலமாவது திறந்து கிடந்திருக்கிறது. முகம் முழுசாக இருந்து, மேல் அடுக்கு நேராக ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே வேலைத்தொடரில் போட்டவை.

1.4 மீ. உயரமும் ஒரே நாளில் வந்ததா, பல தலைமுறை மராமத்தா? இந்தக் கேள்விக்குப் பதில் பரப்புகளுக்கு நடுவே இருக்கும் கரும்பழுப்புக் கோட்டில் கிடக்கிறது. 2 மி.மீ. முதல் ஒரு சென்டிமீட்டர் வரை தடிமன்: தெருச் சேறு, சாணம், சாம்பல், செருப்படியின் இரும்பு ஆணிகள் எல்லாம் மிதிபட்டு உறைந்த படிவு. அந்தக் கோடு ஒன்று இருந்தால் ஒரு பரப்பு புழங்கியிருக்கிறது, பிறகு அதன்மேல் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மராமத்துக்கு முன் சேற்றை வழித்தெடுத்திருந்தால் கோடே இருக்காது. அப்போது தேய்ந்த கல்முகங்களையும் சக்கரத்தடத்தையும் தேட வேண்டும். சக்கரத்தடம் குறுக்குவெட்டில் ஒற்றைப் பள்ளமாகத் தெரிந்தால் நம்ப வேண்டாம், பழைய கேபிள் பள்ளமும் அப்படித்தான் இருக்கும். இணையாக இன்னொன்று இருக்கிறதா, நீளவாட்டில் தொடர்கிறதா, அடியில் கற்கள் நசுங்கி அழுந்தியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே எண் கொடுக்கலாம்.

மாதிரிகள்

அந்தக் கரும்பழுப்புக் கோட்டை ஒரு துளியும் வீணாக்காமல் எடுக்க வேண்டும். மெல்லியதாக இருப்பதால் வழக்கமான 40 லிட்டர் கிடைக்காது, கிடைப்பது அத்தனையும் மாதிரிதான். கரண்டியால் சுரண்டி, மேலும் கீழும் உள்ள சரளை கலக்காமல் தனி வாளியில் போட்டு, எண் எழுதிய பிளாஸ்டிக் சீட்டு உள்ளே ஒன்று வெளியே ஒன்று. நீரில் அலசும்போது மிதப்பதைக் கால் மில்லிமீட்டர் சல்லடையிலும், தங்குவதை 1 மி.மீ. சல்லடையிலும் பிடிக்கலாம். கருகிய தானியம், களை விதை, வண்டின் ஓடு, மீன் முள் எல்லாம் இதில்தான் வரும்.

மண்ணடுக்கை அப்படியே துண்டாக எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க, தகரப் பெட்டியை முகத்தில் அழுத்தி எடுப்பது வழக்கம். சரளையில் இது அடிக்கடி கெடும். பெட்டியின் விளிம்பில் ஒரு கூழாங்கல் சிக்கினால் அது உள்ளே தள்ளப்பட்டு மெல்லிய கோட்டைக் கிழித்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட இடத்தில் பெட்டியை விட்டுவிட்டு, நான்கு பக்கமும் வெட்டிக் கட்டியாக நிறுத்தி, மெல்லிய காகிதம் சுற்றி, அதன்மேல் மாவுக்கட்டுத் துணி போட்டு இறுகியதும் பின்னால் அறுத்து எடுக்க வேண்டும். எது மேல்பக்கம், எந்தத் திசை பார்த்தது, என்ன மட்டம் என்பதைக் கட்டியின் மேலேயே எழுத வேண்டும். கட்டி ஆய்வகம் போய்ச் சேர்ந்த பிறகு நினைவிலிருந்து எழுதியதற்கு மதிப்பில்லை.

ஒவ்வொரு பரப்பும் திறந்ததும் மெட்டல் டிடெக்டர் ஓட்ட வேண்டும், அள்ளிய மண்ணிலும் ஓட்ட வேண்டும். செருப்பாணிகள் துரு ஏறிக் கூழாங்கல் போலவே உருண்டிருக்கும், எடையைக் கையில் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். சந்தேகமான துருக் கட்டிகளை எக்ஸ்ரேவுக்கு அனுப்பலாம், உடைத்துப் பார்க்க வேண்டாம். காசு கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அது எந்த அடுக்குக்குள் இருந்ததோ அந்த அடுக்கு அந்தக் காசு அடிக்கப்பட்டதற்குப் பின்னால் போடப்பட்டது என்று மட்டுமே சொல்லும், எத்தனை காலம் பின்னால் என்று சொல்லாது. உறுதியான ஆண்டு வேண்டுமென்றால் மரம் வேண்டும். லண்டன் நகரின் நம்பர் 1 போல்ட்ரி அகழாய்வில் முதன்மைச் சாலையோரம் கிடைத்த மர வடிகால்தான், மரவளையக் கணக்கின்படி அந்த நகரம் கி.பி. 47 அளவிலேயே தொடங்கிவிட்டதைக் காட்டியது. ஆகவே சாலை விளிம்பில் கருத்த, ஈரமான மரம் எட்டிப்பார்த்தால் அதைக் காயவிடக் கூடாது. ஈரத் துணி, அதன்மேல் பிளாஸ்டிக், உடனே நிபுணருக்குத் தகவல்.

விளிம்புக்கு வெளியே பக்கவாய்க்காலைத் தேட மறக்கக் கூடாது. குழியின் அகலம் சாலை விளிம்போடு முடிந்துவிட்டால் ஒரு அரை மீட்டராவது நீட்டக் கேட்டுப் பார்க்க வேண்டும். சாலைப் பரப்பிலிருந்து மழை அடித்துக்கொண்டுபோன எல்லாமும் வாய்க்காலில்தான் சேரும். பானை ஓட்டுத் துண்டுகளில் காலம் காட்டும் நல்ல சான்று பெரும்பாலும் அங்கேயே கிடைக்கிறது.

விட்டுவைப்பதா, எடுப்பதா

கல் பாவிய தெருவுக்கு வழி உண்டு. ரோமுக்குத் தெற்கே ஃப்ராத்தோக்கியேயில் 2014இல் மெக்டொனால்ட்ஸ் உணவகம் கட்டும்போது பழைய ரோமானிய அப்பியா பெருவழியின் கிளைச் சாலை 45 மீ. நீளத்துக்கு வெளிப்பட்டது. அதை அங்கேயே வைத்து, மேலே கண்ணாடித் தளம் போட்டு 2017இல் திறந்தார்கள். கிரேக்கத்தின் தெசலோனிகியில் வெனிசெலூ மெட்ரோ நிலையத்தில், பழைய ரோமானியத் தடத்தின் மேல் பிற்காலத்தில் பளிங்குக்கல் பாவிய பெருந்தெருவைப் பெயர்த்தெடுத்து, நிலையம் கட்டிய பின் மறுபடி அதே இடத்தில் பதித்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று மெட்ரோ ஓடத் தொடங்கியது. பெயர்த்தது தகுமா என்று அங்கே நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. கல்லை எண்ணிட்டுத் தூக்கலாம். சரளைச் சாலையைத் தூக்க முடியாது, தூக்கினால் அது ஒரு லாரிச் சரளை.

ஆகவே குழாயை நகர்த்திச் சாலையைத் தொடாமல் விடுவதற்கே முதலில் முயல வேண்டும். விட்டுவைக்கும் பரப்பின்மேல் நேராக மண் கொட்டக் கூடாது. ஜியோடெக்ஸ்டைல் துணி (நீர் புகும் செயற்கை இழைத் துணி), அதன்மேல் உப்பில்லாத கழுவிய மணல் 10 முதல் 15 செ.மீ. கையால் பரப்பி, அதன் பிறகே நிரவல். முதல் 30 செ.மீ.க்கு அதிரும் உருளை வேண்டாம். துணி இரண்டு வேலை செய்கிறது: மண் கலக்காமல் பிரிக்கிறது, அடுத்த முறை தோண்டுபவருக்கு 'இதற்குக் கீழே நிறுத்து' என்று சொல்கிறது. வெந்நீர்க் குழாய் என்பதால் இன்னொரு கவலையும் உண்டு. காப்புறை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சுற்று மண் சற்றே சூடேறும், சூடேறினால் உலரும். சரளைக்கு அதனால் பெரிய கேடில்லை. பக்கத்தில் ஈர மரமோ கரிமப் படிவோ இருந்தால் குழாய்த் தடத்தைத் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் அந்த மரத்தை அப்போதே அகழ்ந்து எடுத்துவிட வேண்டும்.

வெட்டியே ஆகவேண்டிய பகுதியில் முகத்தின் ஒரு பட்டையை உரித்து எடுக்கலாம். முகத்தை நன்றாக உலரவிட்டு, நீர்த்த லாக்கரை முதலில் ஊறவிட்டு, அடுத்துக் கெட்டியான லாக்கர் பூசி, பருத்தி வலைத்துணி ஒட்டி, மேலே இன்னொரு பூச்சு. மறுநாள் பலகையில் ஒட்டிப் பின்னாலிருந்து அறுத்து இறக்கலாம். மணலும் வண்டலும் அழகாக வரும். 4 செ.மீ.க்கு மேற்பட்ட கல் தன் எடையில் கழன்றுவிடும், அவற்றைப் பின்னாலிருந்து தனியே பசை வைத்துப் பிடிக்க வேண்டும். ஈரச் சுண்ணாம்பில் லாக்கர் பிடிக்காது. குளிர்மாதங்களில் குழிக்குள் முகம் உலரவே உலராது என்பதால் இதை நம்பி வரைபடத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

குழி மூடும் முன் பதிவேட்டில் சில எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்: சாலையின் இரு விளிம்புகளின் ஆயத்தொலைவு, உச்சிப் பரப்பின் மட்டம் குறைந்தது மூன்று இடத்தில், ஒவ்வொரு சுண்ணாம்பு அடுக்கின் மேல்மட்டமும் கீழ்மட்டமும், அடிச் சரளையின் கீழ்மட்டம், இயற்கை மண்ணின் மட்டம். இந்த எண்கள் லண்டன் பெருநகரத்தின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் ஏறினால்தான் அதே தெருவில் அடுத்த குழாயை வடிவமைப்பவர், தார் எத்தனை சென்டிமீட்டர், அதற்குக் கீழே எதற்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே கணக்கிட முடியும்.